கட்டையை மறந்தவர்

“உங்கப்பா கட்டை வைக்க மறந்துட்டாராம்மா?”

இன்ஸ்பெக்டர் கேட்டபோது சிந்து தலையைக் குனிந்துகொண்டாள். செவ்வாய், காலை 10.05. பொம்மசந்திராவில் வண்டிகள் பழுதுபார்க்கும் ஷெட்டில், மண் தள்ளும் பழைய செயின் டோசரின் பிளேடுக்கு அடியில் அவள் அப்பா அய்யாவு இறந்து கிடந்தார். பிளேடைத் தூக்கிப் பிடிக்கும் ஹைட்ராலிக் எண்ணெய்க் குழாயைக் கழற்றியதும் பிளேடு அவர் மேல் இறங்கியிருந்தது. அதைத் தாங்கியிருக்க வேண்டிய கட்டை சுவரோரம் கிடந்தது.

‘மெக்கானிக்கின் கவனக்குறைவு’ என்று எழுதிக்கொண்டார்கள். அம்மா வனஜாவும் நம்பினாள். “எங்களைப் பத்தி நெனச்சிருந்தா மறந்திருப்பியா?” என்று அப்பாவின் படத்தைத் தினமும் திட்டினாள்.

சிந்து பள்ளியை விட்டபின் அப்பாவோடு அந்த ஷெட்டில்தான் பாகங்கள் கழுவினாள். அவர் மறக்கமாட்டார்.

பன்னிரண்டாம் நாள், மாலை 4.30. சிந்து இன்ஸ்பெக்டரை மறுபடி ஷெட்டுக்கு வரவழைத்திருந்தாள். வனஜாவும் அவள் தம்பி பரத்தும் நின்றார்கள். அய்யாவுவிடம் தொழில் கற்று அங்கேயே வேலை செய்பவன் பரத்.

“அன்னிக்கு ஊமை மாதிரி நின்னே. இப்ப வாய் வந்துடுச்சா?” என்றார் இன்ஸ்பெக்டர் சிந்துவிடம்.

“நீங்க எடுத்த போட்டோவைப் பாருங்க சார். புகைக்குழாய் மேல மழைக்குக் கவுத்து வெக்கிற டப்பா சேத்துல கெடக்கு. காலையில மேலதான் இருந்துச்சு.”

“அதனால?”

“யாரோ இன்ஜினைப் போட்டிருக்காங்க. புகை தள்ளித்தான் விழுந்திருக்கு.”

“உங்கப்பாவே போட்டிருக்கலாமே?”

“டப்பாவை எடுக்காம அப்பா சாவியைத் தொடமாட்டாரு. முந்தின நாளே பிளேடைக் கட்டை மேல இறக்கிட்டாரு. இன்ஜினைப் போட்டு பிளேடைத் திரும்பத் தூக்கினாத்தான் கட்டையை உருவ முடியும்.”

“இந்த வண்டியைப் போட யாருக்குத் தெரியும்?”

“ஓனர் சண்முகம் சாருக்கு. அவரு அன்னிக்கு இங்க இல்ல, ஒக்கலிபுரத்துல இருந்தாரு. அவரை விட்டா மாமாவுக்குத்தான்.” சிந்து பரத்தின் பக்கம் திரும்பினாள். “மாமா, அப்பா டீ குடிக்கப் போனப்ப லாரிக்கு டயர் மாத்துனீங்களே. தரையெல்லாம் சேறு. ஜாக்குக்கு அடியில என்ன போட்டீங்க?”

பரத் சுவரில் சாய்ந்தான்.

“பத்து நிமிஷம்தான் சிந்து. டிரைவர் கத்திக்கிட்டே இருந்தான். திரும்ப வெச்சிடலாம்னு… அதுக்குள்ள வந்துட்டாரு.”

சிந்து இன்ஸ்பெக்டருக்குப் பிளேடைக் காட்டினாள். “அப்பா கட்டையை அந்தக் கோடியில வெச்சிருந்தாரு. இந்தப் பக்கம் படுத்தா தெரியாது. தானே வெச்சதுன்னு நம்பிப் படுத்திருக்காரு.”

“பயந்துட்டேன்மா.”

“சொல்லியிருக்கலாமே மாமா. அம்மா செத்தவரைத் திட்டிக்கிட்டே இருந்தாங்களே.”

“அக்கா…” என்று பரத் கையை நீட்டினான்.

வனஜா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அந்தக் கையைத் தாண்டி வெளியே நடந்து போனாள்.