பதிமூன்றாவது மெமரி கார்டு

"பொணம் எங்கடா?"

இன்ஸ்பெக்டர் காசிராஜன் மேஜையில் அடித்த அடியில் டீ கிளாஸ் துள்ளியது.

எதிரே ஜீப் டிரைவர் தங்கபாண்டி கைகூப்பினான்.

"பொணமே இல்ல சார்! என் மச்சான் சுருளிவேலு உசுரோடதான் இருக்காரு!"

காசிராஜன் சிரித்தார்.

"ஏழாவது எபிசோடுலயே சொல்லிட்டாங்கடா... கொலைகாரன் மொதல்ல சொல்றது இதத்தான்னு!"

எபிசோடா?

ஆமாம். ஏலக்காய்த் தோட்டத்துக் கங்காணி சுருளிவேல், வயது ஐம்பது, கல்யாணமாகாதவர். காணாமல் போய் இரண்டு மாதம் ஆகிறது. நான்காம் நாளே போடி ஊர்ப் பெண் சிவரஞ்சனி அதைப் பாட்காஸ்ட் ஆக்கிவிட்டாள். 'சுருளிவேலைக் கொன்றது யார்?'

கொலை நடந்ததா என்று அவளும் கேட்கவில்லை. ஊரும் கேட்கவில்லை!

வெள்ளிக்கிழமைதோறும் ஓர் எபிசோடு. எபிசோடுக்கு ஒரு சந்தேகம். சந்தேகத்துக்கு ஒரு கைது! அடுத்த எபிசோடில் வேறு பெயர் வந்தால் பழைய ஆள் விடுதலை. பரோட்டாக் கடைக்காரர் போய் வந்தார். பஸ் கண்டக்டர் போய் வந்தார். இன்று காலை ஒன்பதாவது எபிசோடு...

தங்கபாண்டி!

"பாக்கெட்டுல பதிமூணு மெமரி கார்டு. எதுக்குடா?"

"மலையில சிக்னல் கெடையாது சார். எபிசோடை இங்க எறக்கி, கார்டுல ஏத்தி, போடிமெட்டுக்கு மேல எஸ்டேட்டுக்குக் கொண்டு போவேன்."

"அங்க எத்தன பேரு?"

"பன்னெண்டு."

"அப்ப பதிமூணாவது?"

"அதான் சார் என் மச்சானுக்கு!"

காசிராஜன் கான்ஸ்டபிள் வெள்ளைத்துரையின் பக்கம் திரும்பினார்.

"எழுதிக்கய்யா. செத்தவருக்குப் படையல் போட்டிருக்கான்!"

"சார்ர்ர்...!"

"பாட்காஸ்ட்டுன்னா சும்மாவாடா? சரித்திரம் தெரியுமா ஒனக்கு? இருவது வருசத்துக்கு முன்னால கைக்குள்ள அடங்குற ஐபாடு இருந்துச்சு. அதுல பாட்டுத்தான் கேட்டாங்க. அப்புறம் எவனோ ஒருத்தன் பேசிப் பதிவு பண்ணி நெட்டுல விட்டான். ஒரு தடவ பேரு குடுத்தாப் போதும், புதுசு புதுசா தானா வந்து எறங்கும். ஐபாடுல பாதி, பிராட்காஸ்ட்டுல பாதி... பேரு பாட்காஸ்ட்டு! பத்து வருசம் யாரும் பெருசாக் கண்டுக்கல. அப்புறம் வந்துச்சு பாரு ஒரு கொலக் கேசு... வாரம் ஒரு பாகமா! ஒலகமே காதுல மாட்டிக்கிருச்சு. இப்ப மூஞ்சியையும் காட்டுறாங்க."

"எங்களுக்கு அந்தச் சரித்திரம் இன்னும் ஐபாடுலயேதான் நிக்குது சார். எறக்கித்தான் கேக்கணும். சிக்னல் இருந்தா மச்சானே உங்களுக்குப் போன் போட்டிருப்பாரு!"

"நாளைக்குக் காலையில கோர்ட்டு. அங்க போயி சொல்லு."

*

ஏலக்காய் குடோன்.

சுற்றிலும் மூட்டைகள். நடுவில் மைக். மூட்டைகள் எதிரொலியை விழுங்கிவிடும் என்பதால் சிவரஞ்சனிக்கு இதுதான் ஸ்டூடியோ. எபிசோடுக்கு நூறு தும்மல், எல்லாம் எடிட்டிங்கில் போய்விடும்.

கதவு படார் என்று திறந்தது.

மகாராணி! தங்கபாண்டியின் மனைவி. சுருளிவேலின் தங்கை.

"அடியே! வாயாலதான என் புருசன உள்ள தள்ளுன? வாயாலயே வெளிய எடு!"

"அக்கா... நான் சந்தேகம்னுதான சொன்னேன்?"

"அந்தாளு சட்டப் பொஸ்தகமா படிக்கிறாரு? ஒன்னையத்தான கேக்குறாரு! விடிஞ்சா ஜெயிலு. எங்கண்ணனும் இல்ல... இவரும் போயிட்டா நான் யாருக்கு ஆத்தா சோறாக்குவேன்?"

மகாராணி அழுதாள். சிவரஞ்சனிக்கு முதன்முறையாகத் தன் குரலின் மேலேயே வெறுப்பு வந்தது. கேட்பவர்கள் கூடக் கூட, வாய்க்கு வந்த பெயரையெல்லாம் சொன்னவள் அவள்தானே!

இன்றைக்கே பத்தாவது எபிசோடு போட வேண்டும். வேறு பெயர் சொல்ல வேண்டும்.

ஆனால் யார் பெயரை? யாரைச் சொன்னாலும் அந்த ஆள் உள்ளே போவான்!

யோசித்தாள்.

பளிச்!

"அக்கா, கண்ணத் தொடச்சுக்கோங்க. வெரசா அந்தக் கதவச் சாத்துங்க!"

மைக்கை ஆன் செய்தாள்.

*

மாலை நாலு மணி.

தலையில் மப்ளர் சுற்றிய ஓர் ஆள் ஸ்டேஷனுக்குள் புயலாக நுழைந்தார்.

"ஒம்போதாவது எபிசோடு எங்கய்யா? ஜீப்பு வரல, கார்டு வரல! கேட்டா ஸ்டேஷன்ல புடிச்சு வெச்சிருக்காங்கன்றாங்க! வேற ஜீப்பு புடிச்சு ஓடியாறேன்!"

"நீ யாருய்யா?"

"சுருளிவேலு."

வெள்ளைத்துரையின் கையிலிருந்து பேனா விழுந்தது.

லாக்கப்பிலிருந்து அலறல்.

"மச்சான்...!"

"மாப்ளே! நீ எதுக்கு உள்ள இருக்க?"

"ஒங்களக் கொன்னதுக்கு மச்சான்!"

"எப்ப?!"

காசிராஜன் அவரை மூன்று முறை சுற்றி வந்தார்.

"இத்தன நாளா எங்கய்யா இருந்த?"

"ரெண்டு நாளு ஓய்வா இருப்போம்னு மலைக்குப் போனேன் சார். மொத எபிசோடு வந்துச்சு. ஊரே என்னையப் பத்தி நல்லதாப் பேசுது சார்! அம்பது வருசத்துல ஒருத்தன் பேசுனதில்ல. சரி, கொஞ்ச நாளைக்குச் செத்தே இருப்போம்னு, வேற பேரு சொல்லி அங்கயே வாச்மேன் சோலி பாத்துக்கிட்டு இருந்துட்டேன். மாப்ளை கையப் புடிச்சு, வெளிய சொல்லாதன்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன்."

சொல்லும்போதே அவர் கண் கலங்கியது. காசிராஜன் கலங்கவில்லை.

"போட்டோவோட மூஞ்சி ஒத்துப்போகுது. ஆனா ரெண்டாவது எபிசோடுல ஓடையில ஒன் செருப்பு கெடச்சுதே?"

"வாரு அறுந்துச்சு, வீசிட்டேன்."

"அத நீ சொல்லக் கூடாது! சிவரஞ்சனி சொல்லணும்! அதுவரைக்கும் நீ செத்தவன்தான். இவன் கொலைகாரன்தான். ஒக்காரு. டீ சாப்புடு."

டிங்!

எல்லா செல்போனும் ஒரே நேரத்தில் ஒலித்தது.

பத்தாவது எபிசோடு!

வெள்ளைத்துரை சத்தமாக வைத்தார். சிவரஞ்சனியின் குரல் சிலிர்க்க வைத்தது.

"தங்கபாண்டி நிரபராதி! நான் சொன்னது தப்பு. ஒவ்வொரு தடவையும் சம்பவ இடத்துக்கு முதல் ஆளா வந்தது யாரு? அந்தச் செருப்ப மொதல்ல கையில எடுத்தது யாரு? அப்பாவிகளை மாத்தி மாத்தி உள்ள தள்ளி, எல்லாரையும் திசைதிருப்புனது யாரு? சுருளிவேலைக் கொன்றது... இன்ஸ்பெக்டர் காசிராஜன்!"



காசிராஜன் போனை வாங்கினார். இன்னொரு தடவை கேட்டார்.

"செருப்ப மொதல்ல எடுத்தது... நான்தான்."

"சார்...?"

"பாயிண்டு எல்லாம் கரெக்டா இருக்குய்யா."

தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். லாக்கப்பைத் திறந்து தங்கபாண்டியை வெளியே விட்டார். தான் உள்ளே போனார்.

"பூட்டுய்யா!"

வெள்ளைத்துரை சல்யூட் அடித்துவிட்டுப் பூட்டினார்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த சுருளிவேல் டீயை ஒரு வாய் உறிஞ்சினார்.

"இந்தாளு மேல எனக்கு மொத எபிசோடுலயே சந்தேகம் மாப்ளே... இவன்தான் என்னையக் கொன்னிருப்பான்னு!"