முட்டிக்குள் அசைந்த தண்ணீர்

படலையைத் திறக்காமலே மதுரன் சொன்னான்: “உள்ளுக்கு ஆள் படுத்திருக்கு. சத்தம் போடாதீங்க.”

டினுஷா டோர்ச்சைத் தாழ்த்தினாள். பகல்தான். ஆனால் மழை இருட்டு. புளியந்தீவின் அந்த ஒழுங்கையில் டெங்கு பரவிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு பீற்றிஸ் அக்கா வயிற்றில் பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நுளம்பு எங்கே பெருகுகிறது என்று தேட, சுகாதார அலுவலகம் டினுஷாவை அனுப்பியிருந்தது. இந்த வீடு மட்டும்தான் மிச்சம்.

“படுத்திருக்கிறவருக்குக் காய்ச்சலோ?”

“இல்ல.”

“மறுகா ஏன் மறிச்சுக்கொண்டு நிக்கிறீங்க? நான் நனையிறன்.”

அப்போதுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான். நித்திரை கெட்ட கண்கள்… ஆனாலும் அழகான கண்கள். அப்படி நினைத்ததற்காகவே அவள் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டாள்.

“வாங்க,” என்றான்.

அறையில் ஒருவரும் இல்லை. சுருக்கம் விழாத கட்டில். சுவரில் ஒரு பெண்ணின் படம். படத்தின் கீழே விளக்கு. விளக்கின் பக்கத்தில் தண்ணீர் நிறைந்த மண்முட்டி.

“தங்கச்சி. கேதீஸ்வரி. டெங்குதான்.”

இறந்தவருக்குத் தண்ணீர் வைப்பார்கள், முப்பத்தோராம் நாளோடு எடுத்துவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். படத்து மாலை எப்போதோ சருகாகியிருந்தது.

“ஏன் இன்னும் எடுக்கல்ல?”

“எடுத்தா அவள் போயிருவாள். ஒவ்வொரு நாளும் தண்ணி குறையுது… நான் நிரப்பிறன்.” அவன் குரல் தாழ்ந்தது. “அங்க பாருங்க.”

காற்றில்லை. யாரும் தொடவில்லை. விளக்கொளியில் தண்ணீரின் மேற்பரப்பு மெல்லச் சிலிர்த்தது.

ஒரு கணம் அவளுக்கும் முதுகு குளிர்ந்தது. பிறகு டோர்ச்சை அடித்தாள். உள்ளே கறுப்பாய், நெளிந்து நெளிந்து… வெளிச்சம் பட்டதும் எல்லாம் ஒன்றாக அடிக்கு இறங்கின.

“நுளம்புக் குடம்பிகள். தண்ணி விளக்கு வெக்கைக்கு வத்துது. இதை ஊத்த வேணும்.”

“தொடாதீங்க.”

அவன் முழங்கையில் ஒரு நுளம்பு இருந்து குடித்துக்கொண்டிருந்தது. அவன் அதைத் தட்டவில்லை.

“அடிங்களன்!”

“இந்த வீட்டிலதான் அவளைக் கடிச்சது. அவட இரத்தம் அதுக்குள்ள இருக்கும்.”

“நுளம்பு இவ்வளவு காலம் உயிரோட இராது.”

“அப்ப அதுட பிள்ளையள்?”

அவன் பகிடி விடவில்லை. அவள் ஓரடி பின்வாங்கினாள். அந்த நேரம் கால்களில் வெள்ளைக் கோடு போட்ட ஒன்று அவள் கழுத்தில் வந்து இறங்கியது. அவளுக்குத் தெரியவில்லை. அவன் கண்டான். கை தானாகவே உயர்ந்தது.

பட்!

உள்ளங்கையில் ஒரு துளி சிவப்பு. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“போங்க. என்னைக் கொண்டு இதைச் செய்ய வச்சிட்டீங்க… போங்க!”

“போறன். நாளைக்கு அலுவலகத்துப் பெரியவங்களோட வருவன்.” வாசலில் நின்று திரும்பினாள். “பீற்றிஸ் அக்காட வயித்தில பிள்ளை இருக்கு. அதுக்கு ஏதும் நடந்தா எந்த முட்டியை வைப்பீங்க?”

படலை அவள் பின்னால் அறைந்து மூடியது.

மறுநாள் அவள் போனபோது முட்டி முற்றத்து மண்ணில் கவிழ்ந்து கிடந்தது. வீடு பூட்டியிருந்தது. வேலை முடிந்ததென்று அவளுக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். அந்தக் கண்களைக் காணவில்லையே என்றுதான் இருந்தது…

அடுத்த கிழமை அவளுக்கே காய்ச்சல் கண்டது.

ஆஸ்பத்திரியில், நுளம்பு வலைக்குள் கண் திறந்தாள். கட்டிலருகே மதுரன்.

“ஆர் சொன்னது?”

“பீற்றிஸ் அக்கா. வீட்டுக்கு வந்திட்டா. பிள்ளைக்கும் சுகம்.” அவன் தரையைப் பார்த்தான். “உங்களைக் கடிச்சது என்ட வீட்டு நுளம்பு.”

“அதுல உங்கட பேர் எழுதியிருந்ததோ?”

அவன் சிரிக்கவில்லை. “நேத்தும் வந்தன். வாசலோட திரும்பிட்டன். பயம்.”

“இப்ப?”

“இப்பவும்.” அவன் மூச்சு இழுத்தான். “டினுஷா… உங்களுக்கு ஏதும் நடந்தா நான் விளக்கு வைக்க மாட்டன். படம் மாட்ட மாட்டன். இன்னொருக்கா என்னால ஏலா. அதால… சாக வேணாம்.”

“என்ன, வெருட்டுறீங்களோ?”

“இல்ல. எனக்கு உங்களை விருப்பம்.”

வெளியே வாவியின் மேல் மழை இறங்கும் சத்தம். வலைக்கு வெளியே, மிகக் கிட்ட, ஒரு மெல்லிய ரீங்காரம். இருவரும் அதைக் கேட்டார்கள்.

அவள் வலையின் ஓரத்தைக் கொஞ்சம் உயர்த்தினாள்.

“கையைத் தாங்க. கெதியா… அது உள்ளுக்கு வந்திரும்.”

அவன் கையை நீட்டினான். அவள் விரல்கள் நெருப்பாய்ச் சுட்டன. அவன் விடவில்லை.