பக்கெட்டைத் தூக்காமல்

விற்கிறவள் போட்ட நிபந்தனைதான் மெக்கானிக்கின் மனதில் முதலில் முள்ளாகக் குத்தியது. மண் அள்ளும் அந்தப் பழைய செயின் லோடரை அவன் எப்படி வேண்டுமானாலும் கொண்டு போகலாமாம். முன்னாலிருக்கும் பெரிய இரும்புப் பக்கெட்டை மட்டும் தூக்கவே கூடாதாம்.

"தூக்காம எப்படிம்மா இழுக்கறது? தரையெல்லாம் பேத்துக்கிட்டு வருமே!"

"வரட்டும்."

அவள் புருஷன் ஓட்டிய வண்டி. அவர் காணாமல் போன நாளிலிருந்து ஓடவில்லை என்றாள். தகரக் கொட்டகைக்குள் துருவும் பழைய கிரீஸும் எலிப்புழுக்கையும் கலந்த நாற்றம் தொண்டையில் இறங்கி உட்கார்ந்துகொள்ள, சாயங்கால வெளிச்சம் கூரை ஓட்டைகள் வழியாக ஒழுகி, மண்ணில் கவிழ்ந்து கிடந்த பக்கெட்டின் முதுகில் வந்து அணைந்தது.

"எனக்கு முன்னாடி யாரும் பார்க்க வரலியா?"

"வந்தாங்க. வாங்கத்தான் இல்லை" என்றாள்.

அவன் என்ஜினைக் கம்பி போட்டுச் சுற்றிப் பார்த்தான். முனகிக்கொண்டே சுற்றியது. பிழைக்கிற என்ஜின். இதை விட்டால் அவனுக்கு வேறு கதியும் இல்லை. பாகம் பிரித்தபோது ஓடுகிற வண்டிகளை எல்லாம் அண்ணன் வளைத்துக்கொண்டு, "உனக்கென்னடா, கையில தொழில் இருக்கு" என்று ஸ்பானர் பெட்டியை இவன் பக்கம் காலால் தள்ளிவிட்டான். கூடப் பிறந்தவனே கழுத்தை அறுத்த பிறகு, முன்பின் தெரியாதவள் பேச்சை எவன் நம்புவான்? பக்கெட் அடியில் விரிசல் இருக்கும். அதை மறைக்கத்தான் இத்தனை நாடகம்.

பக்கெட்டின் ஒரு பல்லுக்கடியில் மண்ணைத் தோண்டி ஜாக்கியை முட்ட வைத்தான்.

"வேணாம் தம்பி. சொன்னா கேளுங்க."

"உள்ளே என்னத்தை ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

அவள் அவனையே பார்த்தாள். பார்வையில் கோபமில்லை, கெஞ்சலும் இல்லை, சலிப்பு மட்டும்தான். "எல்லாரும் இதேதான் கேட்டாங்க" என்றபடி வெளியே நடந்தாள். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"என்னம்மா இது? கதவைத் திறங்க!"

ஓடிப்போய் உலுக்கினான். தகரம் அதிர்ந்ததே தவிர அசையவில்லை. காற்றே வீசாத அந்தப் புழுக்கத்தில் அவனுடைய மூச்சுச் சத்தம் அவனுக்கே பெரிதாகக் கேட்டது. மூச்சை அடக்கினான்.

சத்தம் நிற்கவில்லை.

பக்கெட்டுக்குள்ளிருந்து வந்தது. ஒருவர் மூச்சல்ல. பலர்.

கிறீச்.

அவன் ஜாக்கியைத் தொடவில்லை. இங்கே, கதவோடு ஒட்டி நின்றான். ஆனாலும் பக்கெட் எழும்பியது. ஓர் இழை. இன்னோர் இழை. பாரம் விலகிய ஜாக்கி தள்ளாடியது. சாய்ந்தது. உருண்டது.

பக்கெட் விழவில்லை.

"அம்மா..." என்றான்.

இடுக்கில் விரல்கள். விளிம்பைப் பிடித்து, உள்ளிருந்து தூக்கின. ஒரு ஜோடி. பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில் இன்னொன்று. எல்லாம் காய்த்த விரல்கள். நகக்கண்ணில் கிரீஸ் ஏறிய, அவனுடையதைப் போன்ற விரல்கள்.

பக்கெட் முழங்கால் உயரத்துக்கு வந்தது. கைகள் நெருங்கி நகர்ந்து, வரிசையின் நடுவே இன்னும் இரண்டு கைகளுக்கு இடம் விட்டன.