மூடுமேசை முன் அரைமணி

காலையில் ஆய்வாளர்கள் எழுத்தறைக்கு வந்து வெளித்தொடர்பில்லாத கணினி பொருத்திய அவரவர் மூடுமேசை முன் உட்கார்ந்தார்கள். அரைமணி நேரம் முடிந்தால் திரை அணைந்துவிடும். பிறகு மறுநாள்தான் திறக்கும்.

நொடியில் ஆய்வேடு எழுதித்தரும் இயந்திரங்கள் வந்தபின், முடிந்த ஏடுகளைப் பல்கலைக்கழகங்கள் வாங்குவதில்லை. மூடுமேசையில் நாள்தோறும் வளர்ந்த எழுத்துக்கு மட்டுமே பட்டம்.

தூத்துக்குடிக் கடலடியில் சிப்பிப் பாறைகளில் வாழும் உயிர்கள் எழுப்பும் ஓசை ஏன் அடங்கியது என்பது ரொசாரியோவின் ஆய்வு. மாதக்கணக்காக ஒரே வரியை எழுதி அழித்துக்கொண்டிருந்தான். மதியம் மதிப்பாய்வு, தோற்றால் ஆய்வாளர் இடம் பறிபோய்விடும். அதனால் வீட்டிலேயே ஓர் அத்தியாயம் எழுதி, மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தான். விரல்கள் நிற்காமல் ஓடின. இரண்டாம் பத்தியில் திரை சொன்னது: ‘இது வேறெங்கோ முடிந்த எழுத்து. ஏற்க இயலாது.’

வெளியே வந்ததும் பக்கத்து மேசை நாகூர்கனி சிரித்தான். “ஏல, மனப்பாடமா?”

“வேற என்னல செய்ய?”

“நடுவுல நாலு இடத்துல முழிக்கவாவது செஞ்சிருக்கலாம்ல, கூறுகெட்டவனே.”

மதியம், மதிப்பாய்வாளர் சண்முகவடிவு கேட்டார். “தினமும் வந்திருக்கீங்க. என்னதான் எழுதுனீங்க?”

“ஒரு வரிதான் மேடம். கடல் சூடானதால ஓசை அடங்கிட்டுன்னு. மறுநாள் அழிச்சிருவேன்.”

“ஏன்?”

ரொசாரியோ நெடுநேரம் பேசவில்லை. அவரும் அவசரப்படுத்தவில்லை. இந்தக் காலத்தில் ஒருவருடைய தயக்கத்தில் யாரும் குறுக்கிடுவதில்லை. இயந்திரங்களுக்கு இன்னும் வராதது தயங்குவது ஒன்றுதான்.

“ஒலிவாங்கிய நான் கப்பல் பாதை பக்கத்துல வச்சிட்டேன். பாறை அடங்குச்சா, இல்ல கப்பல் இரைச்சல்ல எனக்குக் கேக்கலையான்னு தெரியல. எழுதுறப்பல்லாம் அதுதான் உறுத்தும்.”

“அதை ஏன் எழுதல?”

“தப்பா வச்சேன்னு தெரிஞ்சா வெளிய அனுப்பிருவீங்கல்லா.”

சண்முகவடிவு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “மத்தவங்களும் ஒலிவாங்கிய அங்கதானே வச்சிருக்காங்க? யாருக்கும் இந்தச் சந்தேகம் வரலையே. இதுதான் உங்க அத்தியாயம். நிதானமா எழுதுங்க.”

“அப்ப என் இடம்?”

“எங்கயும் போகல. போய்ச் சாப்பிடுங்க.”

படியிறங்கும்போது அவனுக்கு முதல் வரி மனதில் வந்துவிட்டது. உடனே எழுத வேண்டும் போலிருந்தது. ஆனால் நாளைக் காலைவரை மேசை திறக்காது. இத்தனை மாதங்களில் முதல்முறையாக, காலை சீக்கிரம் வரக்கூடாதா என்று நினைத்தான்.