இடப்பக்கம் முறுக்கிய கம்பி

முன் பிரேக்கின் போல்ட்டில் ஒரு கம்பி கட்டியிருந்தது. கௌதம்ராஜ் அதைக் கட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. மடவார் வளாகத்தில் அவன் வீட்டுக்குப் பின்னாலிருந்த தகர ஷெட்டில், அடுத்த தெருவில் பால் சுண்டுகிற இனிப்பு வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து மூக்கில் ஏற, அவன் குனிந்தபடி அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர்கள் கட்டுகிற கம்பி அது. போல்ட்டின் தலையில் ஊசித்துளை போட்டு, மெல்லிய எஃகுக் கம்பியைக் கோத்து முறுக்கிவிட்டால் வண்டி என்ன அதிர்ந்தாலும் போல்ட் கழலாது. அவர்கள் கூட்டத்தில் எல்லோரும் வலப்பக்கமாக முறுக்குவார்கள். இது இடப்பக்கம் முறுக்கியிருந்தது.

அப்படி முறுக்குகிற ஒரே ஆள் விமல். இடதுகைக்காரன். அவன் செத்து ஐந்து மாதமாகிறது.

வண்டியும் விமலுடையதுதான். பதினெட்டு வருடப் பழைய சிவப்பு ஸ்போர்ட் பைக். கௌதம்ராஜ் எத்தனையோ முறை விலைக்குக் கேட்டிருக்கிறான். "ஏலே, நான் செத்த பொறவு எடுத்துக்க" என்று விமல் சிரிப்பான். அந்தச் சிரிப்பும், ஒவ்வொரு சுற்றிலும் முன்னால் போகிற அந்த முதுகும் கௌதம்ராஜுக்குத் தாங்க முடியாத வயிற்றெரிச்சல். கடைசியாக டிராக்குக்குப் போன அன்று, வண்டிகளைப் பரிசோதித்து முடித்ததும் விமல் டீ குடிக்கப் போனான். அந்த நேரத்தில் இவன் எஞ்சினுக்கு அடியில் ஆயிலை அடைத்திருக்கிற ஆயில் போல்ட்டின் கம்பியை வெட்டி, போல்ட்டையும் தளர்த்திவிட்டான். விழுவான், கொஞ்சம் அடிபடும், திமிர் அடங்கும் என்றுதான் நினைத்தான். ஆயில் பின் டயரில் வழிந்தது. வண்டி கீறலோடு தப்பியது. விமல் எழுந்திருக்கவில்லை.

கம்பி தானாக அறுந்துவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் விமலின் தங்கை முனீஸ்வரி ராஜபாளையத்திலிருந்து போன் செய்தாள். "அண்ணன் வண்டிய வேற யாருக்கும் குடுக்க மனசில்ல. நீங்களே வச்சுக்கிடுங்கண்ணே." கொஞ்சமும் வெட்கமில்லாமல் இவன் போய் எடுத்துவந்தான்.

திங்களன்று செயின் பக்கம் இரண்டு போல்ட்டில் கம்பி. செவ்வாயன்று ஹேண்டில்பாரில். ஷெட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு குளிக்கப் போனால், தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே குறடு பிடித்து முறுக்குகிற கிரிக், கிரிக் சத்தம் கேட்டது. குழாயை மூடினால் நின்றது. வியாழனன்று வண்டியில் கம்பி இல்லாத போல்ட் ஒன்றே ஒன்றுதான். ஆயில் போல்ட். இவனே அதற்குக் கட்டினான். வெள்ளி காலை அந்தக் கம்பி தரையில் வெட்டிக் கிடந்தது. மறுபடி கட்டினான். சனியும் வெட்டிக் கிடந்தது.

இனி இந்தச் சனியன் வேண்டாம். கொண்டுபோய் முனீஸ்வரியிடமே விட்டுவிட வேண்டும்.

ஞாயிறு நல்ல வெயில். ஆயில் போல்ட்டை மூன்று முறை இறுக்கிப் பார்த்துவிட்டு ராஜபாளையத்துக்குக் கிளம்பினான். அவசரத்தில் கையுறை மறந்துபோயிற்று. மேற்கே மலை தெளிவாகத் தெரிந்தது. எதிரே மதுரை பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எஞ்சினின் சத்தத்துக்குள் அந்தக் கிரிக், கிரிக். அருகில். மிக அருகில். விரல்கள் சில்லிட்டன. பிறகு மரத்துப்போயின. அவன் குனிந்து பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

முனீஸ்வரி வாசலில் நின்றிருந்தாள். வரச்சொல்லிக் காத்திருந்தவளைப் போல.

"வண்டி வேண்டாம்மா. நீயே வச்சுக்க."

"எறங்குங்கண்ணே."

அவன் இறங்கப் பார்த்தான். முடியவில்லை.

"கம்பிய வெட்டுனது நீங்கதான்னு அண்ணன் சொல்லுச்சு."

"எப்ப?"

"தெனமும் காலைல."

அவள் கிட்டே வந்து அவன் ஹெல்மெட்டின் கண்ணாடியை மெதுவாக இறக்கிவிட்டாள். "போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வழிவிட்டு நின்றாள்.

அப்போதுதான் அவன் குனிந்து பார்த்தான். ஒவ்வொரு விரல் கணுவிலும் ஊசித்துளை. ஒவ்வொரு துளையிலும் எஃகுக் கம்பி. ஹேண்டில்பாரைச் சுற்றி. இறுக்கமாக. இடப்பக்கமாக.

வலது கை தானாகத் திரும்பி ஆக்சிலேட்டரை முறுக்க ஆரம்பித்திருந்தது. சுண்டுவிரலில் கம்பி இன்னும் முறுகிக்கொண்டிருந்தது.