இறக்கத்தில் நியூட்ரல்

டிப்பர் முதுகைத் தூக்கியது.

கற்கள் தடதடவென்று சரிந்தன.

கடைசிக் கற்களோடு ஒரு கால் வந்தது!

செருப்பில்லாத கால். அதன் பின்னால் இடுப்பு... மார்பு... அப்புறம், முகம் இருந்த இடம்!

யாரோ வீறிட்டு அலறினார்கள்.

அரியலூரைத் தாண்டி, வேப்பமரம்கூடச் சுண்ணாம்புத் தூசியில் வெள்ளையாக நிற்கும் அந்தக் கிரஷரில், பகல் பன்னிரண்டு மணி வெயிலில், இருபது பேர் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

"அய்யய்யோ... அந்த மோதிரத்தப் பாருங்கடா! நம்ம குருமூர்த்தி சாருடா!"

குருமூர்த்தி அந்த டிப்பருக்குப் பாதிச் சொந்தக்காரர். மீதிப் பாதி செல்லதுரை.

டிரைவர் தமிழ்மாறன் கேபினிலிருந்து குதித்தான். பார்த்தான். அங்கேயே வாந்தி எடுத்தான்.

வாயைத் துடைக்கக்கூட விடவில்லை. முதல் அடி காதோடு சேர்த்து விழுந்தது.

"கொன்னுட்டு, கல்லோட கல்லா கொண்டாந்து கொட்டுறியாடா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே! சத்தியமா..."

இரண்டாவது அடி மண்வெட்டிக் காம்பு. முன்பல் இரண்டு ரத்தத்தோடு தரையில் விழுந்தன.

கரண்ட் மட்டும் இருந்திருந்தால் அந்த லோடு நேராக அரவை மெஷினின் வாய்க்குள் போயிருக்கும். குருமூர்த்தி முக்கால் இன்ச் ஜல்லியாகி யார் வீட்டு அஸ்திவாரத்திலாவது படுத்திருப்பார்! பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. காலையிலிருந்து வரிசையில் காத்திருந்த லோடை வெளியே கொட்டச் சொன்னார்கள். பிணம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது.

இருபது நிமிடத்தில் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் ஜெயலட்சுமி இறங்கினாள்.

"விடுங்கடா அவனை! அடிக்கிறதுக்கு கவர்மென்ட் என்னையத்தான் சம்பளம் குடுத்து வச்சிருக்கு!"

கூட்டம் விலகியது. தமிழ்மாறன் ஒரு கண் வீங்கி, மண்ணில் குப்புறக் கிடந்தான்.

ஜெயலட்சுமி பிணத்தருகே குந்தினாள். பின்மண்டை ஓடு உள்ளே போயிருந்தது.

"கல்லு விழுந்து சாகலை. கனமான இரும்பால அடிச்சிருக்கான்... அப்புறம்தான் மேல கல்லு ஏறியிருக்கு."

"மேடம்!"

வெள்ளை வேட்டியில் செல்லதுரை நின்றார். அறுபத்திரண்டு வயது. நாற்பது வருஷம் லாரி ஓட்டி, இன்று ஆறு டிப்பருக்கும் ஒரு கல் குழிக்கும் முதலாளி. எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனிதர்! கண் கலங்கியிருந்தது. கையில் போன் தயாராக இருந்தது.

"எல்லா வண்டியிலயும் மிஷின் மாட்டியிருக்கேன் மேடம். ஸ்டியரிங்குக்குக் கீழ சாக்கெட்டுல சொருகுற டப்பா. எங்க போவுது, எங்க நிக்குது, எவ்வளவு டீசல் குடிக்குது, எல்லாம் போனுக்கு வந்துடும். டீசல் திருடனப் புடிக்க வாங்குனேன்... கொலைகாரனையே புடிச்சுக் குடுத்துருச்சு!"

ஜெயலட்சுமி திரையைப் பார்த்தாள்.

காலை 6.40. டிப்பர் ஷெட்டிலிருந்து கிளம்பியிருக்கிறது. 6.55. பக்கத்துப் பழைய சுரங்கக் குழிக்குள் இறங்கியிருக்கிறது. 7.25. திரும்பி வந்திருக்கிறது.

"ஒன்பது மணிக்கு லோடு ஏத்தியிருக்கான். தொட்டிக்குள்ள பொணம் கெடந்தது கீழ நிக்கிறவங்களுக்குத் தெரியாதுல்ல? போன வாரம் குரு இவன சட்டையப் புடிச்சு வெளிய தள்ளுனான். அந்த வன்மம்!"

"மேடம்... நான் எட்டரைக்குத்தான் வந்தேன்..." தமிழ்மாறன் ரத்தத்தைத் துப்பினான்.

"சாவி?"

"எங்கிட்ட ஒண்ணு... ஆபீஸ் ஆணியில ஒண்ணு மாட்டியிருக்கும்."

சேதி கேட்டுக் குன்னத்திலிருந்து அவன் மனைவி மஞ்சு வந்து சேர்ந்தபோது, விலங்கு மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் அப்படியே இன்ஸ்பெக்டர் காலில் விழுந்தாள்.

"ஏழு மணிக்கு வூட்டுலதாங்க இருந்தாரு! நான்தான் டீ போட்டுக் குடுத்தேன்!"

"பொண்டாட்டி போட்ட டீ கோர்ட்டுல சாட்சி சொல்லாதும்மா."

சொல்லிவிட்டாளே தவிர, ஜெயலட்சுமிக்கு மனசு ஆறவில்லை. குதித்து இறங்கி வாந்தி எடுத்தவன் கொலைகாரனா?

"இந்த டப்பாவ மாட்டுனது யாரு?"

"லப்பைக்குடிக்காட்டு ஆசிக் மேடம்," என்றான் ஒரு டிரைவர். "சவுதியில தம்மாம்ல நூறு லாரிக்கு இதே வேலை பாத்தவரு. பெரம்பலூர்ல கடை வச்சிருக்காரு."

ஒரு மணி நேரத்தில் முகமது ஆசிக் பைக்கில் வந்தான். பிணத்தைப் பார்த்து, "யா அல்லாஹ்..." என்றான். லேப்டாப்பைத் திறந்தான்.

பார்த்தான். மறுபடியும் பார்த்தான்.

"மேடம்... ஒரு நிமிஷம் தனியா வாங்க."

ஜீப்புக்குப் பின்னால் போனார்கள். இரண்டு நிமிடம். திரும்பி வந்தபோது ஆசிக் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"இந்த மிஷின்ல ஓட்டுறவன் காலே தெரியும்," என்று சத்தமாகச் சொன்னான். "இறக்கத்துல கியர்லயே வச்சு ஆக்ஸிலேட்டர விட்டா இஞ்சின் டீசலே குடிக்காது. ஜீரோ காட்டும். நியூட்ரல் போட்டா, ஆஃப் ஆவாம இருக்க குடிச்சுக்கிட்டே இருக்கும். மணிக்கு ரெண்டு லிட்டரு. அஞ்சு டிரைவருக்கும் கிளாஸ் எடுத்து நான்தான் சொல்லிக் குடுத்தேன். எட்டு மாசமா தமிழ்மாறன் எந்த இறக்கத்துலயும் ஜீரோதான்."

"காலையில குழிக்குள்ள எறங்குனவன்?"

ஆசிக் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஜீரோ மேடம்."

தமிழ்மாறன் தலை தொங்கிவிட்டது. மஞ்சு ஒரு பிடி மண்ணை அள்ளி ஆசிக் முகத்தில் வீசினாள்.

"அண்ணே அண்ணேன்னு உங்க பின்னாடியே சுத்துனாரே! நல்லாருப்பியாய்யா நீ?"

ஆசிக் துடைக்கக்கூட இல்லை.

ஜெயலட்சுமி பெருமூச்சு விட்டாள். "அப்ப அதே பாடம் படிச்ச மத்த நாலு டிரைவரும் சந்தேகத்துல வராங்களே... ஏன், நீங்களும்தான் செல்லதுரை. ஆபீஸ் சாவி உங்ககிட்டதானே?"

செல்லதுரை சிரித்தார்!

"நானா? நாப்பது வருஷமா இறக்கத்துல நியூட்ரல்தான் மேடம்! இந்தப் பொடியன் பாடத்தையெல்லாம் நான் கேக்குறதில்ல. பத்ராசலம் போனாலும் நியூட்ரல், பம்பாய் போனாலும் நியூட்ரல்! கேட்டுப் பாருங்க இவனுங்கள!"

டிரைவர்கள் தலையாட்டினார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது பழமொழி. இந்த நுணல் ஆறு டிப்பர் வைத்திருந்தது!

"வாயால சொன்னா ரிப்போர்ட்டுல எழுத முடியாது. ஓட்டிக் காட்டுங்க. அந்த வண்டி சாட்சி, தொடக்கூடாது. பக்கத்து வண்டிய எடுங்க."

செல்லதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். பக்கத்தில் ஜெயலட்சுமி. ஓரத்தில் ஆசிக், கையில் போனோடு.

பழைய குழியின் சரிவுப் பாதை. இடது பக்கம் அறுபதடிப் பள்ளம். அடியில் பச்சைத் தண்ணீர்.

இறக்கம் ஆரம்பித்ததும் அவர் கை தானாகக் கியருக்குப் போனது. நியூட்ரல்.

"பாத்தீங்களா மேடம்?"

"பாத்தேன். ஆசிக், எவ்வளவு காட்டுது?"

"ரெண்டு லிட்டரு மேடம்."

"காலையில?"

"அதே ரெண்டு லிட்டரு. இதே எடம். இதே நியூட்ரல்!"



"ஜீரோன்னியேடா..." செல்லதுரை ஆசிக் பக்கம் திரும்பினார்.

"பொய் சொன்னேன் முதலாளி."

"நான்தான் சொல்லச் சொன்னேன்," என்றாள் ஜெயலட்சுமி. "உண்மையச் சொல்லியிருந்தா உங்க கை கியரையே தொட்டிருக்காதே! மிஷின் தப்பாக் காட்டுது, தப்பிச்சோம்னு நெனச்சுத்தானே ஆளுங்க முன்னாடி மார் தட்டுனீங்க? குருமூர்த்தி என்ன பண்ணாரு?"

"எல்லை தாண்டித் தோண்டுறேன்னு திங்கக்கெழம கலெக்டர்கிட்ட மனு குடுக்கப் போறேன்னான்! என் குழிய மூடப் பாத்தான்! விடுவேனா? யாரையும் விட மாட்டேன்!"

ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுசாக ஒடித்தார்!

டிப்பர் பள்ளத்தை நோக்கிப் பாய்ந்தது. ஜெயலட்சுமி பாய்ந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். டயர்கள் கதறின. வண்டி குலுங்கி நின்றது. முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் சுற்றியது!

செல்லதுரை சீட்டுக்குப் பின்னாலிருந்து ஜாக்கி லிவரை உருவினார். அது அவள் தலைக்கு வந்தது. ஆசிக் குறுக்கே கையை நீட்டினான்.

படக்! எலும்பு உடைந்தது.

"உம்மா!" என்று அலறினான் ஆசிக்.

இரண்டாவது வீச்சுக்கு அவள் இடம் கொடுக்கவில்லை. நரைத்த தலைமுடியை ஒரு கையால் கொத்தாகப் பிடித்தாள். முகத்தை ஸ்டியரிங்கில் மோதினாள். ஒன்று... இரண்டு... மூன்று! மூக்குத்தண்டு நொறுங்கியது. ஹாரன் அலறியது. அவர் அதைவிடச் சத்தமாக அலறினார்.

மேலே தமிழ்மாறனின் விலங்கு கழன்றது. அவனைக் கட்டிக்கொண்டு மஞ்சு விம்மி விம்மி அழுதாள். உடைந்த கையோடு ஆசிக் வருவதைப் பார்த்ததும் அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

"அண்ணே... மண்ண வாரித் தூத்திட்டேனே..."

"பரவால்ல தங்கச்சி. பொய் சொன்ன மூஞ்சிதானே."

தமிழ்மாறன் பல் போன வாயால் சிரிக்கப் பார்த்தான். வலித்தது. அப்படியும் சிரித்தான்.

ஜீப்பில் செல்லதுரையை ஏற்றினார்கள். மூக்கிலிருந்து ரத்தம் வேட்டியில் சொட்டியது. இன்ஜின் ஓடிக்கொண்டே ஜீப் நிற்க, ஜெயலட்சுமி ஆம்புலன்சுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தாள்.

செல்லதுரைக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா... நிக்கிற வண்டிய ஆஃப் பண்ணச் சொல்லு. டீசல் வீணாவுது!"

ஜெயலட்சுமி ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"கவலைப்படாதீங்க முதலாளி. உங்களுக்கு ஜெயிலுக்கு ஒன் வே டிரிப்தான்... ரிட்டர்ன் டீசல் முழுசா மிச்சம்!"