சைகோன் ஜாடி உடைந்த நேரம்

கடிதம் எழுதத் தொடங்கும் முன், யார் யார் வந்திருக்கிறார்கள், எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நோட்டில் குறித்துக்கொள்வது சுலோசனாவின் வழக்கம். பின்னால் யாராவது வந்து "நான் அப்பிடிச் சொல்லவே இல்லியே" என்றால் பக்கத்தைத் திருப்பிக் காட்டலாம். 2006 டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டே கால் மணிக்கு முத்தியால்பேட்டையில் உள்ள தன் தட்டச்சுக் கடையில் அவள் எழுதிய குறிப்பு இது:

மேசைக்கு எதிரே, கைவைத்த நாற்காலியில் சந்திரகலா அம்மாள், விருந்தினர் விடுதிக்குச் சொந்தக்காரர். அவருக்குப் பக்கத்து நாற்காலி காலி. அலமாரியில் சாய்ந்து நின்றபடி அவர் தம்பி கலியபெருமாள், விடுதியைப் பார்த்துக்கொள்பவர். உட்காரச் சொன்னேன், வேண்டாம் என்றார். சுவரோர பெஞ்சில் ரமீஜா, அவர் மகன் ரிஹான், பாலிடெக்னிக் கடைசி வருஷம். தரையில், டி.வி.க்குப் பக்கத்தில் ரிஹானின் நண்பன் வெற்றிவேல், மடியில் வீடியோ கேமரா. தட்டச்சு எந்திரத்தின் முன் என் உதவியாளர் மாலா. வாயைத் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

குறிப்பை எழுதி முடிப்பதற்குள் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிட்டார்கள். சுலோசனா பேனாவைக் கீழே வைத்தாள். அவர்கள் ஓயும்வரை காத்திருந்தாள். கொஞ்ச நேரம் பிடித்தது.

"எழுதும்மா," என்றார் சந்திரகலா. "பையன் ஜாடிய ஒடைச்சிட்டான், ஒத்துக்கிட்டான், நான் மன்னிச்சிட்டேன். மூணே வரி. எங்க தாத்தா சைகோன்லேந்து கப்பல்ல கொண்டாந்த ஜாடி. அதுக்கே மன்னிக்கிறேன்னா பாத்துக்கோ."

"நான் ஒடைக்கல," என்றான் ரிஹான்.

"மூணு நாளா இதே பாட்டு!" ரமீஜா தலையில் கைவைத்துக்கொண்டாள். "இன்னிக்கி அஞ்சு மணிக்குள்ள, காலேஜுல குடுத்த புகார வாபஸ் வாங்கி இந்தம்மா லெட்டர் வரலன்னா ஹால் டிக்கெட் கெடையாதுன்னு பிரின்சிபால் சொல்லிட்டாரு. திங்கக்கெழம பரீட்ச. கையெழுத்தப் போட்டுத் தொலைடா! பரீட்சய எழுதிட்டு அப்புறம் நல்லவனா இரு."

"செய்யாததுக்கு எப்பிடிம்மா போடுறது?"

"பேனாவாலதான்."

சுலோசனா நெற்றியைத் தேய்த்தாள். "ஒத்துக்காத ஆளை ஒத்துக்கிட்டான்னு நான் எழுதறதில்ல. செவ்வாய்க்கிழமை என்ன நடந்துச்சு? ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் பேச வேணாம். சந்திரகலா அம்மா, நீங்க."

சந்திரகலா சொன்னதில் குழப்பம் இல்லை. விடுதி வாசலில் நாலு படி. மேல்படியின் ஓரத்தில் ஜாடி. காலை பத்து மணிக்கு அவரே தண்ணீர் மாற்றிப் பூ வைத்தார். மீன் வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனார். பத்தரைக்குத் திரும்பினால் ஜாடி படியில் சில்லுசில்லாகக் கிடக்கிறது. தம்பி கையில் அந்தச் சக்கரப் பலகை.

"ஸ்கேட்போர்டு," என்று திருத்தினான் வெற்றிவேல்.

"ஏதோ ஒரு கருமம்."

அடுத்து ரிஹான். "ஒம்பதேகால் இருக்கும்க்கா. ரெண்டே தடவதான் படியிலேந்து குதிச்சேன். இவர் வந்து தொரத்திட்டு போர்டப் புடுங்கிக்கிட்டார். அப்ப ஜாடி நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் எங்க போனீங்க?"

"பஸ் ஏறி கோரிமேடு. வேற படிக்கட்டு தேட."

"போர்டே இல்லாமயா?"

"படிக்கட்டு தேட போர்டு எதுக்குக்கா?"

"காலேஜுக்கு மட்டும் போயிடாத!" என்றாள் ரமீஜா.

கலியபெருமாள் தொண்டையைக் கனைத்தார். "பலகையப் புடுங்கினது நெசம். ஆனா ஜாடி ஒடைஞ்ச அப்புறம்தான் புடுங்கினேன். இவன் பொய் சொல்றான்னு இவன் சிநேகிதனோட கேமராவே சொல்லுது. போட்டுக் காட்டச் சொல்லுங்க மேடம்."

வெற்றிவேல் கேமராவை டி.வி.யோடு இணைத்தான். அதன் முனையில், வீட்டுக் கதவில் வைத்து வெளியே பார்க்கிற சின்னக் கண்ணாடியை ரப்பர் வளையம் போட்டு ஒட்டவைத்திருந்தான்.

"இது எதுக்கு?"

"அகலமாத் தெரியும்க்கா. வெளியூர் பசங்க எல்லாம் தனி லென்ஸ் வெச்சிருக்கானுவ. எனக்கு எங்க வீட்டுக் கதவுதான் கெடச்சுது."

படம் ஒரு நிமிடத்துக்குக் குறைவாகவே ஓடியது. ஓரமெல்லாம் வளைந்த ஒரு தெரு, ரிஹானின் கால்கள், நாலு சக்கரங்கள். கேமரா தரையை உரசியபடி அவற்றின் பின்னால் ஓடியது. சக்கரங்களின் கடகட சத்தம், காற்று, எங்கோ பிள்ளைகள் கூட்டமாகப் பாடுவது, "மச்சான், இன்னொரு வாட்டி" என்று வெற்றிவேலின் மூச்சிரைப்பு. கால்கள் படியிலிருந்து பறந்து தெருவில் இறங்கின. மறுபடியும் ஒருமுறை. பிறகு பழுப்பு நிறச் செருப்பு ஒரு ஜோடி, ஒரு உள்ளங்கை, கலியபெருமாளின் "நிறுத்துடா!" அத்தோடு சரி. திரையின் ஓரத்தில் 05:42 என்று தெரிந்தது.

"ஜாடி எங்க?" என்றாள் சுலோசனா.

"அது மேல இருக்குக்கா. நான் கீழதான் எடுப்பேன்."

"அவன் முகத்தையாவது எடுத்திருக்கலாமே?"

"முகத்த எடுத்தா ஸ்பீடு தெரியாதுக்கா."

சுலோசனா கண்ணை மூடி ஒரு முறை மூச்சு விட்டாள். ஒரு பையனின் படிப்பு அந்தரத்தில் நிற்கிறது. இருக்கிற ஒரே சாட்சி அவன் முழங்காலுக்குக் கீழே மட்டும் பார்த்திருக்கிறது.

"மணியப் பாருங்க மேடம்," என்றார் கலியபெருமாள். "கேமரா பிரான்சுலேந்து வந்தது. அந்த ஊரு நேரத்துல ஓடுது. இப்ப குளிர்காலம், நாலரை மணி கூட்டணும். அஞ்சு நாப்பத்திரண்டோட நாலரை சேத்தா பத்து பன்னண்டு. அக்கா பூ வெச்சிட்டுப் போனதுக்கு அப்புறம்."

அந்தக் கணக்கை யாரும் காகிதத்தில் போட்டுப் பார்க்கவில்லை. பிரான்சில் மாமனோ சித்தப்பாவோ இருக்கிற வீடுகளில் அது வாய்ப்பாடு மாதிரி. வெயில்காலத்தில் மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை. தெரியாமல் போன் போட்டால் தூக்கத்தில் எழுப்பித் திட்டு வாங்க வேண்டியிருக்கும்.

"கணக்கு சரிதான்க்கா," என்றான் வெற்றிவேல் பரிதாபமாக. "பிரின்சிபாலும் அவர் ரூம்ல எல்லார் முன்னாடியும் டேப்பப் பாத்துட்டு அதத்தான் சொன்னாரு. ஆனா நாங்க ஒம்பது மணிக்குத்தான் போனோம். எப்பிடின்னே புரியல."

"நீ யாரு பக்கம்டா?" என்று ரிஹான் பல்லைக் கடித்தான்.

சுலோசனா கலியபெருமாளின் பக்கம் திரும்பினாள். "சார், நீங்களா மணி பாத்தீங்களா? இல்ல டேப்பப் பாத்துச் சொல்றீங்களா?"

"நானே பாத்தேன். ஜாடி ஒடைஞ்ச ஒடனே வாட்சப் பாத்தேன். பத்து பன்னண்டு."

"வாட்ச் சரியா ஓடுதா?"

"தினம் ரேடியோ வெச்சுத்தான் திருத்துவேன். ஒரு நிமிஷம் பெசகாது."

அவர் சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கினாள். மேசைமேல் குனியும்போது அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது.

"படத்தை இன்னொரு தடவை போடு," என்றவள், நாற்காலியைத் திருப்பித் தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"டி.வி. இந்தப் பக்கம் இருக்குதும்மா," என்றார் சந்திரகலா.

"தெரியும். இன்னும் சத்தமா வை."

நாலு முறை ஓடியது. ரமீஜா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். மாலாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அக்கா, எனக்கு ஒண்ணு தோணுது. அந்தச் செருப்போட அடியில ஒட்டியிருந்த மண்ண எடுத்து…"

"மாலா."

"இல்லக்கா, சக்கரத்தோட அகலத்த அளந்தா…"

"மாலா. விடுதிக்குப் பின்தெருவுல ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. எதிர் பூத்துலேந்து போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேளு. காலையில பிரார்த்தனை எத்தனை மணிக்கு? வேற எதுவும் கேக்காத."

மாலா ஓடினாள். சுலோசனா வெற்றிவேலிடம் திரும்பினாள். "கேமரா எப்ப வந்துச்சு?"

"ஆகஸ்ட் லீவுல எங்க மாமா வந்தப்ப குடுத்துட்டுப் போனாருக்கா."

"அதுக்கப்புறம் அதுல மணியை யாராவது மாத்தினீங்களா?"

"அய்யோ, உள்ள பூரா பிரெஞ்சுல எழுதியிருக்கும். ஒரு வாட்டி எதையோ அமுக்கி ஒரு வாரம் கறுப்பு வெள்ளையாவே எடுத்துச்சு. அதுலேந்து அந்தப் பக்கமே போறதில்ல."

மாலா மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். "ஒம்பது பத்துக்கு ஆரம்பிக்குமாம்க்கா, ஒம்பதேகாலுக்கு முடிஞ்சிடுமாம். எடுத்தவங்க பேரு சின்னப்பொண்ணு, அங்க ஆயாம்மாவா பதினோரு வருஷமா…"

"போதும்."

சுலோசனா நாற்காலியை மீண்டும் மேசைப் பக்கம் திருப்பினாள்.

"எல்லாரும் காலைப் பாத்தீங்க. நான் காது குடுத்தேன். படத்துல பிள்ளைங்க கூட்டமாப் பாடுற சத்தம் கேக்குது. அது பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனை. அப்பன்னா படம் எடுத்த நேரம் ஒம்பது பத்துலேந்து ஒம்பதேகாலுக்குள்ள. பத்து பன்னண்டு இல்ல."

"அப்ப கேமரா மணி?" என்றார் சந்திரகலா.

"கேமரா சரியாத்தான் ஓடுது. நம்ம கணக்குதான் தப்பு. ஆகஸ்டுல அங்க வெயில்காலம். அப்ப நமக்கும் அவங்களுக்கும் மூன்றரை மணி வித்தியாசம். அந்த மணியோட கேமரா இங்க வந்துடுச்சு. அக்டோபர் கடைசியில பிரான்சுல எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வெச்சாங்க. முத்தியால்பேட்டையில இருக்கிற கேமராவுக்கு அதை யார் சொல்லுவா? அது இன்னும் ஆகஸ்டு கணக்குலயே ஓடுது. அஞ்சு நாப்பத்திரண்டோட மூன்றரை கூட்டுங்க."

"ஒம்பது பன்னண்டு!" என்று மாலா கத்தினாள்.

"ஒம்பது பன்னண்டுக்கு ரிஹான் குதிக்கிறான். அடுத்த நொடி கலியபெருமாள் சார் வந்து நிறுத்துறார். பலகையைப் புடுங்கினது அவரே ஒத்துக்கிட்டது. பத்து மணிக்கு நீங்க பூ வெக்கிறப்ப ஜாடி முழுசா இருந்துச்சு, பலகை வீட்டுக்குள்ள இருந்துச்சு."

சுலோசனா கலியபெருமாள் கையெழுத்திட்ட தாளை எடுத்தாள்.

"இப்ப இந்தக் கையெழுத்தைப் பாருங்க. பத்து பன்னண்டுக்கு இவன் ஒடைச்சதை வாட்சுல பாத்ததா சார் எழுதிக் குடுத்திருக்கார். ஒரு நிமிஷம் பெசகாத வாட்சு. பத்து பன்னண்டுங்கிற நேரம் வேற எங்கயும் இல்ல. டேப்பப் பாத்துட்டு எல்லாரும் தப்பாக் கூட்டின கணக்குல மட்டும்தான் இருக்கு. பிரின்சிபால் ரூம்ல அதைக் கேட்டுட்டு, தானே பாத்த மாதிரி சொல்லியிருக்கார். எதுக்கு அப்பிடிச் சொல்லணும்?" அவள் காலி நாற்காலியைக் காட்டினாள். "சார், உக்காருங்களேன்."

"பரவால்ல மேடம்."

"ஒரு மணி நேரமா நிக்கிறீங்க."

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன். இடுப்புல லேசா அடி."

"எப்ப?"

அவர் வாயைத் திறக்கும் முன் அக்கா சொல்லிவிட்டார். "செவ்வாக்கெழம. அன்னிக்கிப் பூரா தைலம் தேய்ச்சிக்கிட்டு முனகிட்டு…" சந்திரகலா நிறுத்தினார். மெதுவாகத் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "டேய் பெருமாளு."

கலியபெருமாள் அலமாரியோடு அலமாரியாக ஒட்டிக்கொண்டார்.

"பாக்க லேசா இருந்துச்சுக்கா," என்றார் கடைசியில். "இந்தச் சின்னப் பசங்க ஜம்முன்னு நிக்கிறானுவளே, இதுல இன்னா பெரிசா இருக்குன்னு… வீட்ல யாரும் இல்ல. ஒரு காலத்தான் வெச்சேன். அது போயிட்டே இருந்துச்சு. புடிச்சுக்கலாம்னு ஜாடியப் புடிச்சேன்."

"நாப்பத்தாறு வயசுல!"

"ஒருக்களிச்சு நிக்கணும் சார்," என்றான் வெற்றிவேல் அக்கறையாக. "நேரா நின்னா அப்பிடித்தான் தூக்கிப் போடும்."

"நீ பேசாத," என்று மூன்று பேர் ஒரே குரலில் சொன்னார்கள்.

சந்திரகலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மணி மூன்று ஐம்பது. "சரிம்மா. எழுது. ரெண்டு தரப்பும் சமாதானமாயிட்டோம், பையன் மேல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல, போனது போகட்டும்னு. தம்பி பேரு வேணாம். ஊரே சிரிக்கும்."

சுலோசனா பேனாவை எடுத்தாள். எழுதவில்லை. ரமீஜா பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள்.

"எங்களுக்குள்ள சண்டையே இல்லியே, எதுக்கு சமாதானம்? எம் புள்ள ஒடைக்கலன்னு எழுதுங்க. யாரு ஒடைச்சாங்கன்னும் எழுதுங்க."

"இதுல அவனுக்கு ஹால் டிக்கெட் கெடச்சிடும்மா. அதான உனக்கு வேணும்?"

"ரெண்டு மணிக்கு அதான் வேணும்னு நெனச்சேன். போனது போகட்டும்னு எழுதினா இவன்தான் ஒடைச்சான், பெரிய மனசு பண்ணி விட்டுட்டாங்கன்னுதான் படிப்பாங்க. நாளைக்கி அந்தக் காலேஜுல ஒரு ஜன்னல் ஒடைஞ்சாலும் இவனத்தான் கூப்பிடுவாங்க." அவள் மகனைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "நீயாவது எங்கிட்ட கத்திச் சொல்லக் கூடாதாடா?"

"மூணு நாளா அதத்தாம்மா சொல்றேன்."

ரமீஜா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சந்திரகலா தம்பியைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். யாருக்காகவும் அவசரப்பட்டுப் பழகாதவர்.

"எழுது," என்றார். "உள்ளது உள்ளபடி எழுது."

மாலா தட்டச்சு செய்தாள், இம்முறை ஒரு சொல்கூடச் சேர்க்காமல்:

'ஐயா, 5.12.2006 அன்று என் விடுதி வாசலில் இருந்த ஜாடியை உடைத்தது தங்கள் மாணவர் ரிஹான் அல்ல. அதை உடைத்தவர் என் தம்பி கலியபெருமாள். உடைந்த நேரத்தில் மாணவர் அந்த இடத்தில் இல்லை. அவர் மீது சொன்ன புகார் தவறு. அதற்காக அவரிடமும் அவர் தாயாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.'

சந்திரகலா கையெழுத்திட்டார். அதற்குக் கீழே கலியபெருமாள் நின்றபடியே கையெழுத்திட்டார். ரமீஜா இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். சுலோசனா நிறுத்தி வாசித்தாள். 'அல்ல' என்ற இடத்தில் ரமீஜா தலையசைத்தாள்.

உறையின் ஓரத்தில் பசை தடவி, அளவுகோலால் அழுத்தி ஒட்டினாள் சுலோசனா. ஒட்டிய இடத்தின்மீது கடையின் முத்திரையைக் குத்தினாள். ரிஹான் கை நீட்டினான். ரமீஜா அவனுக்கு முன்னால் வாங்கிக்கொண்டாள்.

"நான் குடுக்கிறேன்டா. அன்னிக்கி பிரின்சிபால் ரூம்ல உனக்காக மன்னிப்புக் கேட்டது நாந்தான்."

தெருவில் போன ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினாள். மணி நாலு எட்டு. மகன் ஏறி உட்கார்ந்ததும், உறையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி அவளும் ஏறிக்கொண்டாள்.